நாற்பத்தேழில் முடியும் நம்பர்

கதவைத் தொறக்க வேண்டாமுங்க அம்மணி. கம்பிக் கதவு அப்படியே பூட்டிக் கெடக்கட்டும், நான் இந்தப் படியிலயே நின்னுக்கறனுங்க. போலீசுக்குச் சொல்றதுன்னாலும் சொல்லுங்க, அது தப்பே இல்லீங்க. முன்னப்பின்ன தெரியாத ஆளு ஒருத்தன் ஞாயித்துக்கெழமை காத்தால வாசல்ல வந்து நின்னுட்டு, இப்ப உங்க போனுக்கு ஒரு ஓடிபி வரும், அதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்கன்னு கேட்டா, யாரா இருந்தாலும் முடியாதுன்னுதான் சொல்லோணும். என்ற மக எனக்கு ஒரு பேப்பர்ல அப்படித்தான் எழுதி வெச்சிருக்கறா. ரெண்டாவதா எழுதியிருக்கறா. ஓடிபியை யாரு கேட்டாலும் சொல்லாதீங்கப்பா, பேங்க்ல இருந்து கேட்டாலும் சொல்லாதீங்க, நானே போன் பண்ணிக் கேட்டாலும் சொல்லாதீங்க.

ஆமாங்க, நேத்து பதினோரு வாட்டி கூப்புட்டது நான்தானுங்க. நீங்க கட் பண்ணிக் கட் பண்ணி விட்டது செரிதான். போன்ல சொன்னா திருட்டுப் பயன்னுதான் நெனைப்பீங்க, நேர்ல போயி மூஞ்சியைக் காட்டலாம்னுதான் வந்தனுங்க.

பேரு பாலுசாமிங்க. மேட்டுப்பாளையத்துக்கு இந்தப் பக்கம், ரோட்டு மேலயே நம்ம செட்டு. பாக்குமட்டைத் தட்டு போடறோமுங்க. மிஷின் ஆறு ஓடுது, பதினாலு பொம்பளைக வேலைக்கு வர்றாங்க. இந்தா, ஒரு கட்டு கொண்டாந்திருக்கறனுங்க. கேக்கு வெச்சுக் குடுக்க ஆகும். வேண்டாம்னா செரி, இப்படி ஓரமா வெச்சர்றேன்.

விலாசமுங்களா. அதை நானே சொல்லோணும்னு இருந்தேன். உங்க நம்பரு இருக்குதுல்லங்க, அது என்ற பழைய நம்பரு. நாப்பத்தேழுல முடியும். அதை அப்படியே மேப்புல அடிச்சுத் தேடுனேன். ஃபெமினா ஹோம் கேக்ஸ், சரவணம்பட்டி, ரெண்டாவது மாடின்னு இந்தக் கதவு போட்டோவோட வந்து நின்னுச்சு. கதவு மேல மாட்டியிருக்கற அந்தச் சிலுவைகூட போட்டோவுல தெரியுது. அதை எடுத்துப்போடுங்க கண்ணு. கடை வெச்சிருந்தா விலாசம் போடலாம். ஊட்டுல இருந்து யாவாரம் பண்றவங்க விலாசத்தை மறைச்சுட்டு ஊர்ப் பேரை மட்டும் வெச்சாப் போதும், அதுக்கு அதுலயே வழி இருக்குது. இன்னிக்கு நான் வந்தேன். நாளைக்கு எவன் வருவானோ.

இதெல்லாம் எனக்கு எங்கீங்க தெரியும். ஒம்பதாவது பாஸு. மக சொல்லிக் குடுத்ததுதான். இந்தாங்க, இந்தப் பேப்பரைப் பாருங்க. கம்பி வழியா நீட்டறேன், தொட வேண்டாம், அங்கிருந்தே படிங்க. கம்ப்யூட்டருக்குப் பக்கத்துல செவுத்துல ஒட்டி வெச்சிருந்தா. பிச்செடுக்கறப்ப ஒரு ஓரம் கிழிஞ்சுபோச்சு, அதான் பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெச்சிருக்கறேன். மொத வரியப் பாருங்க. பாஸ்வேர்டுக்குக் கொலசாமி பேரை வெக்காதீங்கப்பா, நம்ம கூட்டத்துல ஆயிரங் குடும்பத்துக்கும் அதே சாமிதான்னு எழுதியிருக்கறா. நான் அதைத்தானுங்க வெச்சிருந்தேன். என்னிய மாதிரியே எங்க பங்காளி அத்தனை பேரும் அதைத்தான் வெச்சிருந்தாங்க. ஒருத்தன் மெயிலை இன்னொருத்தன் தொறந்து படிச்சாக்கூடத் தெரியாது. அவதான் சிரிச்சுப்போட்டு மாத்துனா. என்னன்னு மாத்துனான்னு எனக்குத் தெரியல. அதுதான் இப்ப வெனையே.

அட, அதைச் சொல்ல மறந்துட்டேன் பாருங்க. நம்பர் வாங்குனதுல இருந்து, தட்டு இருக்குதா, பத்து இஞ்சு என்ன வெலைன்னு உங்களைப் போட்டு அறுத்திருப்பாங்களே. எட்டு மாசமாவா. நாப்பது அம்பது பேரா. மன்னிச்சுக்கங்க சாமி. இனிமே கூப்புட்டா என்ற புது நம்பரைக் குடுத்துத் தாட்டி விட்டுருங்க. கேக்கு ஆர்டரை விடத் தட்டு ஆர்டர்தான் சாஸ்தி வருதுங்களா. சிரிக்காதீங்க, எனக்கு வெக்கமா இருக்குது.

செரி, விசயத்துக்கு வாரேன். நம்ம செட்டு மெயிலு பூட்டிக்கிச்சுங்க. பாஸ்வேர்டு என்னென்னமோ போட்டுப் பாத்தேன். அவ பொறந்த தேதி, வண்டி நம்பரு, அவங்கம்மா பேரு, ஒண்ணும் ஆகல. நாலு நாளாத் தட்டித் தட்டி, இப்ப அது சொல்லுது, நாப்பத்தேழுல முடியற நம்பருக்கு ஒரு கோடு அனுப்பறேன், அதைப் போட்டாத்தான் உள்ள விடுவேன்னு. அந்த நம்பரு உங்க கையில இருக்குது. அவ்வளவுதானுங்க சமாச்சாரம். நான் இங்க இருந்து ஒரு பொத்தானை அமுக்குனா உங்க போன்ல ஆறு இலக்க நம்பரு வரும். அது உங்க பேங்குக்கும் இல்ல, உங்க மெயிலுக்கும் இல்ல, என்ற மெயிலுக்கு. நீங்களே படிச்சுப் பாத்துட்டு, நம்பிக்கை வந்தாச் சொல்லுங்க.

இல்லீங்க, சிம்மு கடைக்குப் போனேன். போகாம இருப்பனா. காந்திபுரத்துல மூணு கடை ஏறி எறங்குனேன். தொண்ணூறு நாள் ரீசார்ஜ் பண்ணாமக் கெடந்தா நம்பரு போயிருமுங்களாம், அப்பறங் கொஞ்ச நாள் கழிச்சு வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம். அந்தப் பொண்ணு நல்லாத்தான் சொல்லுச்சு, தொலைஞ்ச அன்னிக்கே வந்திருந்தா அரை மணி நேரத்துல அதே நம்பர்ல வேற சிம்மு குடுத்திருப்போம் சார், இத்தன நாளு என்ன பண்ணுனீங்கன்னு. சிம்மு எப்படித் தொலைஞ்சுதுன்னு கேக்கறீங்களா.

ஆத்துல உழுந்துருச்சுங்க. பவானி ஆத்துல. போன் இல்லீங்க, சிம்மு மட்டும்.

போன் உழுகாம சிம்மு மட்டும் எப்படி உழுகும்னு கேக்கறீங்க. நீங்க வெவரமான புள்ளை.

அந்த மெயில்ல என்ன இருக்குதுன்னாங்க, எர்ணாகுளத்துல ஒரு ஓட்டல்காரரு மாசாமாசம் அதுலதான் ஆர்டர் போடுவாரு. பதினாலு பொம்பளைக சோலி அதுல இருக்குது. அவரு ஒரு கிறுக்கு மனுசனுங்க, ஒரு நாளைக்கு இருவது வாட்டி போன் பண்ணுவாரு. ஒருக்கா கோவத்துல நான் அவரை பிளாக் பண்ணிப்போட்டேன். பண்ணிப்போட்டு ரெண்டு நாள் கழிச்சுத்தான் பண்ணுன தப்பு புரிஞ்சுது, ஆர்டரும் அவரோடயே போச்சே, நம்பரு போச்சேன்னு. என்ற மக வந்து சிரிக்கறா. பிளாக் பண்ணுனா அழியாதுப்பா, அதுக்குன்னு ஒரு மூலை இருக்குது, அதுல கெடக்கும்னு சொல்லி நாலு தட்டுத் தட்டி எடுத்துக் குடுத்தா. அதையும் எழுதி வெச்சிருக்கறா பாருங்க, கடைசி வரி. அப்பா கோவத்துல பிளாக் பண்ணுனா பயப்பட வேண்டாம், மூணு புள்ளியைத் தொடுங்கன்னு. குறும்பு புடிச்ச கழுதை.

அவளையே கேட்டா என்னவா. பாஸ்வேர்டை அவளே சொல்லீருவா இல்லீங்களா. ஆமாங்க. அவ வெளியூர்ல இருக்கறா.

எந்த ஊருன்னு தெரியலீங்க.

கொஞ்சம் தண்ணி கெடைக்குமுங்களா. இல்ல, இல்ல, உள்ள போக வேண்டாம், கதவைத் தொறக்க வேண்டியிருக்கும். வேண்டாமுங்க. வண்டியில பாட்டில் இருக்குது. அந்தக் குட்டியானை வண்டி நம்மதுதான், வேப்பமரத்துக்குக் கீழ நிக்குதே. முன்சீட்டுல உக்காந்திருக்கறது எங்கூட்டுக்காரிங்க. மேல வர மாட்டேன்னுட்டா. என்ற கூடப் பேசறதில்லீங்க அவ. பதினாலு மாசமாச்சு. சோறு வெப்பா, தட்டத்தை வெக்கற சத்தம்தான் பேச்சு. இன்னிக்கு வண்டியை எடுக்கறப்ப அவளா வந்து ஏறி உக்காந்துக்கிட்டா. எங்க போறோம்னுகூடக் கேக்கல.

நீங்க சொல்றது வாஸ்தவம். ஓட்டல்காரருக்கு ஒரு போன் போட்டு, மெயிலை மாத்திக்கங்கன்னு சொன்னா முடிஞ்சுபோச்சு. போட்டாச்சுங்க. அவரு ஒரு வருசமா என்ற புது நம்பர்லதான் ஆர்டர் சொல்லிட்டு இருக்கறாரு. அந்த மெயில்ல ஆர்டர் ஒண்ணுங் கெடையாது. பொய் சொல்லிப்போட்டேன். இந்தச் சிலுவைக்குக் கீழ நின்னுட்டுச் சொல்லியிருக்க வேண்டாம்.

செரிங்க, இனிமேப் பொய் இல்ல. கம்ப்யூட்டரை ரிப்பேர் பண்ண கோயமுத்தூர்ல இருந்து ஒரு பையன் வருவான், டேவிட்சன்னு. தங்கமான பையன். ரெண்டு எடத்துல காப்பி எடுத்து வெய்யுங்க சார், ஒண்ணு இதுல, ஒண்ணு பென் டிரைவ்ல போட்டு பீரோவுல வெய்யுங்கன்னு அவன்தான் சொல்லுவான். நான் பென் டிரைவைத்தான் பூட்டி வெச்சேன். என்ற மக லோகப்பிரியாவும் அவனும் பேசிப் பழகுனது எனக்குத் தெரியல. போன வருசம் ஆவணியில ரெண்டு பேரும் போயிக் கண்ணாலம் பண்ணிக்கிட்டாங்க.

எங்க பக்கம் தெரியுமுங்களா உங்களுக்கு. வேத்துச் சாதி, வேத்துச் சாமி. ஒறம்பரை சனமெல்லாம் ஊட்டு வாசல்ல வந்து குமிஞ்சுபோச்சு. ஒருத்தரும் என்னியத் திட்டல. அதுதான் தாங்க முடியல. இப்படி ஆயிப்போச்சேன்னு எழவு ஊட்டுல பேசற மாதிரி மெல்லப் பேசுனாங்க. மூணா நாளு பங்காளிக நாலு பேரு வந்து, வா பாலு, தலை முழுகீரலாம்னு பவானிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பெத்த புள்ளை செத்துப்போச்சுன்னு நெனைச்சு ஆத்துல முங்கறதுங்க. முங்கி எந்திரிச்சா உனக்கு மக இல்ல, அவ்வளவுதான். அங்கராக்கைக் கழட்டி மடிச்சுப் படியில வெச்சுட்டு எறங்கறேன், பாக்கெட்டுல போன் அடிக்குது. அதுக்கு முன்னாடியே அவ நம்பரை நான் பிளாக் பண்ணியிருந்தேன். இது வேற நம்பரு. ஆனா அவதான்னு எனக்குத் தெரியும். அடிச்சு நின்னு, மறுக்காவும் அடிக்குது. நாலு பேரும் என்ற மூஞ்சியவே பாக்கறாங்க. பெரியவரு ஒருத்தரு, என்னப்பா, செத்தவ கூப்புடறாளான்னாரு.

ஊக்கு வாங்கி நானே குத்தி எடுத்தனுங்க. சிம்மு நகத்தளவு இருக்குது. அதை ஆத்துல போட்டுட்டு முங்குனேன். உழுகல. போட்டேன்.

ஆறாவது வரியப் படிங்க கண்ணு. நம்பரை மாத்தறதா இருந்தா மொதல்ல மெயில்ல, பேங்க்ல எல்லாம் புது நம்பரைக் குடுத்துட்டு, அப்பறமா சிம்மை எடுங்கப்பான்னு இருக்குதுங்களா. தண்ணிக்குள்ள நிக்கறப்ப இதெல்லாம் நெனப்பு வருமுங்களா. ஊட்டுக்கு வந்து எங்கூட்டுக்காரி போனையும் புடுங்கி அடுப்புல போட்டேன். கம்ப்யூட்டர் மேல போர்வையைப் போத்தி விட்டேன். பதினாலு மாசம் அதைத் தொடல.

அப்பறம் இப்ப எதுக்கு வந்தேன்னு கேளுங்க. போன செவ்வாக்கெழமை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல டெய்சின்னு ஒரு அம்மாவைப் பாத்தேன். அந்தப் பையனுக்கு அத்தை. என்னியப் பாத்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. அப்பறம் அவங்களே திரும்பி வந்தாங்க. அஞ்சு மாசமா அந்தப் புள்ளை உங்களுக்கு மெயில் போடுது, ஒரு வரி எழுதுனீங்களா, நீங்கெல்லாம் மனுசனான்னாங்க. நான் பேய் முழி முழிக்கறேன். பிரசவத் தேதி இந்த வாரம்னாங்க. தலப்பிரசவமுங்க. எங்க வழக்கத்துல தலப்பிரசவம் பொறந்த ஊட்டுலதான். கட்டுச்சோறு கட்டிட்டுப் போயிக் கூட்டிட்டு வரோணும். அவ எங்கியோ ஒரு ஊருல, கூட ஒரு பொம்பளை இல்லாம.

கேட்டேங்க. கையெடுத்துக் கும்பிட்டு நம்பரு கேட்டேன். குடுக்க மாட்டேன்னுட்டாங்க. உங்க ஆளுக வந்து எங்கண்ணன் கடைக் கண்ணாடியை ஒடைச்சதுலதான் அந்தக் குடும்பமே ஊரை விட்டுப் போச்சு, மறந்துபோச்சான்னாங்க. கல்லு நான் எறியலீங்க. எறிஞ்சவனைத் தடுக்கவும் இல்ல. அவளே மெயில்ல நம்பரு, விலாசம் எல்லாம் எழுதியிருக்கறா, படிக்கற மனசிருந்தாப் படிச்சுக்கங்கன்னு சொல்லிட்டு அந்தம்மா பஸ்ஸு ஏறிட்டாங்க. அன்னிக்கு வந்து போர்வையை எடுத்தேன். பாஸ்வேர்டு கேக்குது.

இல்லீங்க, நீங்க யோசிக்கறது புரியுது. இவன் நெசமாவே மகளைப் பாக்கப் போறானா, இல்ல விலாசத்தைத் தெரிஞ்சுக்கிட்டு ஆளுகளைக் கூட்டிட்டுப் போறானான்னு நெனைக்கறீங்க. நெனைக்கத்தான் வேணும். நெனைக்காம இருந்தாத்தான் தப்பு. என்ற மூஞ்சியைப் பாத்துக் கண்டுபுடிக்கறதுக்கு அதுல என்ன எழுதியா ஒட்டியிருக்குது. ஓடிபி வேண்டாமுங்க. நீங்க சொல்லாதீங்க. அவளே எழுதியிருக்கறாளே, நானே கேட்டாலும் சொல்லாதீங்கன்னு. அதை மீறி நான் உங்ககிட்டக் கேக்கக் கூடாது. நான் கெளம்பறேன்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கறனுங்க. தட்டு கேட்டுக் கூப்புட்டவங்க போக, இந்த நம்பருக்கு வேற யாராச்சும் கூப்புட்டாங்களா. ஒரு பொண்ணு. எடுத்ததும் அப்பான்னு.

கூப்புட்டாளா.

எத்தன வாட்டிங்க. ஏழெட்டு வாட்டியா. ம். எடுத்தாப் பேசவே மாட்டாளா. மூச்சு மட்டும் கேக்குமா. ஒருக்கா மட்டும் அப்பான்னு சொன்னாளா. நீங்க ராங் நம்பருன்னு சொல்லிட்டீங்க. ஆமாங்க, வேறென்ன சொல்லுவீங்க. ஆனா அவ ராங் நம்பருன்னு நம்பியிருக்க மாட்டாளுங்க. அது சின்னதுல இருந்து மனப்பாடம் பண்ணுன நம்பரு. அப்பன் யாரோ ஒரு பொண்ணை வெச்சுச் சொல்ல வெக்கறான்னுதான் நெனைச்சிருப்பா. அதான் மெயிலு போட ஆரம்பிச்சிருக்கறா.

சொல்லுங்க. அப்பறம் என்ன பண்ணுனீங்க. பயப்படாமச் சொல்லுங்க கண்ணு.

பிளாக் பண்ணிட்டீங்களா.

ஐயோ, நீங்க எதுக்குங்க அழுகறீங்க. நீங்க யாரு, அவ யாரு. நேரங்கெட்ட நேரத்துல ஒருத்தி கூப்புட்டுப் பேசாம நின்னா பிளாக்தான் பண்ணுவாங்க. பெத்தவன் நானே அதைத்தானுங்க மொதல்ல பண்ணுனேன். கண்ணைத் தொடைங்க. தொடைச்சுட்டு, அந்தப் போனைக் கொஞ்சம் கையில எடுங்க.

அழிஞ்சிருக்காதுங்க. எனக்குத் தெரியும். போன் பண்ற எடத்துக்குப் போங்க. மேல ஓரத்துல மூணு புள்ளி இருக்குதுங்களா. அதைத் தொடுங்க. செட்டிங்ஸ்னு வருதா. அதுக்குள்ள போனா, பிளாக் பண்ணுன நம்பருன்னு ஒரு வரி இருக்கும். பொறுமையாப் பாருங்க. இருக்குதா. எத்தன நம்பரு கெடக்குது. மூணா. நடுவுல இருக்கறதுதானா. நல்லா நெனப்பு இருக்குதுங்களா.

வேண்டாமுங்க. எனக்குப் படிச்சுக் காட்ட வேண்டாம். போனைத் திருப்பவும் வேண்டாம், நான் அந்தப் பக்கம் பாத்துட்டு நிக்கறேன். பிளாக்கை மட்டும் எடுத்து விட்டுட்டு, நீங்களே கூப்புடுங்க. நான் வந்திருக்கறேன்னு சொல்ல வேண்டாம். அவங்கம்மா வந்திருக்கறாங்க, கீழ வண்டியில உக்காந்திருக்கறாங்க, பேசறயான்னு மட்டும் கேளுங்க. பேசறேன்னு அவ சொன்னாப் பேசட்டும். வேண்டாம்னா வெச்சுருங்க, நான் மறு பேச்சுப் பேசாம வண்டியை எடுத்துட்டுப் போயர்றேன்.

எடுப்பாளுங்க. ராங் நம்பருன்னு நெனைச்சு உட்ற மாட்டா. அவ போன்ல இந்த நம்பரு இன்னும் அப்பான்னுதான் இருக்கும். பதினாலு மாசமா அவ கூப்புட்டிருக்கறா, இங்கிருந்து அவளுக்குப் போறது இதுதான் மொத வாட்டி.

அடிக்குதுங்களா. செரி, நான் கீழ போயி அவங்கம்மாவைக் கூட்டிட்டு வாரேன். ரெண்டு மாடிதான், வெரசா வந்தர்றேன். அதுவரைக்கும் கட் பண்ணீராதீங்க கண்ணு.